சொந்த சர்வரா, கிளவுடா: 24 விஎம் வைத்திருக்கும் நிறுவனம் போட வேண்டிய கணக்கு

எல்லாம் ஒழுங்காக ஓடும்போது சர்வரைச் சொந்தமாக வைத்துக்கொள்வதா, கிளவுடில் வாடகைக்கு எடுப்பதா என்று எந்த நிறுவனமும் கேட்பதில்லை. சர்வரின் ஐந்தாண்டு வாரண்டி முடியும்போதோ, யூபிஎஸ் பேட்டரி உப்பிப் போகும்போதோ, ஹைப்பர்வைசர் (ஒரே சர்வரைப் பல விஎம்களாக, அதாவது மெய்நிகர் கணினிகளாக, பிரித்து ஓட்டும் மென்பொருள்) லைசென்ஸைப் புதுப்பிக்க வந்த கொட்டேஷன் போன தடவையைவிடப் பல மடங்கு இருக்கும்போதோதான் பேச்சு கிளம்பும். இப்போது அதிகம் நடப்பது மூன்றாவது. 2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம், ஹைப்பர்வைசர் விற்கும் விஎம்வேரை வாங்கியது. அடுத்த மாதமே, ஒருமுறை காசு கொடுத்து வாங்கி என்றைக்கும் வைத்துக்கொள்ளும் லைசென்ஸை விற்பதை நிறுத்தி, இனி சந்தா மட்டும்தான் என்று அறிவித்தது. கோர் (சிபியுவுக்குள் இருக்கும் தனித்தனிச் செயலகம்) எண்ணிக்கைப்படி கட்டணம், ஒரு சிபியுவுக்குக் குறைந்தது 16 கோர். எட்டு கோர் சிபியு வைத்திருப்பவரும் 16-க்குத்தான் கட்ட வேண்டும். விஎம்வேரின் ஹைப்பர்வைசர் தொகுப்பான விஸ்பியர் 7-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 2-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

இந்த நெருக்கடியில் அவசரப்பட்டவர்கள் இரண்டு வழிகளில் பணத்தை விடுகிறார்கள். ஒன்று, இருக்கும் விஎம்களை அதே அளவில் அப்படியே கிளவுடுக்குத் தூக்கிப்போவது. இன்னொன்று, பழைய சர்வரின் அளவையே பார்த்துப் புதிதாக அதே மாதிரி வாங்குவது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: ஒதுக்கியது எவ்வளவு, உண்மையில் ஓடுவது எவ்வளவு என்று யாரும் அளக்கவில்லை.

இந்த வழிகாட்டி 10 முதல் 60 விஎம் வரை வைத்திருக்கும் நிறுவனங்களுக்கானது: ஈஆர்பி (விற்பனை, கொள்முதல், கணக்கு எல்லாவற்றையும் நடத்தும் மென்பொருள்), டேலி, ஃபைல் சர்வர், டொமைன் கன்ட்ரோலர் (பயனர்களின் லாகினைச் சரிபார்க்கும் சர்வர்), வருகைப்பதிவு, இணையதளம், நான்கைந்து சோதனை மெஷின் என்று ஒரு சர்வர் அறையில் ஓடும் அமைப்பு. லைசென்ஸ் முடியும் தேதிக்கு நான்கு மாதம் முன்பே தொடங்குங்கள். இரண்டு மாதம்தான் இருக்கிறது என்றால், பேரம் பேசி ஓராண்டுக்கு மட்டும் புதுப்பித்துவிட்டு நிதானமாகச் செய்வதே மேல்.

தொழில்நுட்பம் என்ற அளவில் சொந்த அறையும் கிளவுடும் தூரத்துச் சொந்தம் அல்ல, உடன்பிறப்புகள். மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஸூருக்கு அடியில் ஓடுவது அவர்களுடைய ஹைப்பர்வைசரான ஹைப்பர்-வி. அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸின் நைட்ரோ, லினக்ஸின் ஹைப்பர்வைசரான கேவிஎம்மை அடிப்படையாகக் கொண்டது. உங்கள் அறையில் நடக்கும் மெய்நிகராக்கமேதான் அங்கும் நடக்கிறது. சும்மா கிடக்கும் கொள்ளளவுக்கு யார் காசு கொடுக்கிறார்கள், டிஸ்க் எரிந்தால் இரவு 2 மணிக்கு யார் எழுந்திருக்கிறார்கள், இந்த இரண்டு கேள்விக்கான பதில்தான் மாறுகிறது.

முதலில் அளவெடுங்கள்: முழுதாக 30 நாள்

விஎம்வேர் என்றால் ஆர்வி டூல்ஸ் என்ற இலவசக் கருவியை விஎம்வேரின் நிர்வாக மென்பொருளான வி-சென்டருடன் இணைத்தால் எல்லா விஎம்மின் பட்டியலும் எக்செல் தாளாக வந்துவிடும். ஹைப்பர்-வி என்றால் விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல்லில் எடுக்கலாம். அந்தத் தாளில் உள்ள ஒதுக்கீட்டு எண்களுக்குப் பக்கத்தில் நீங்கள் சேர்க்க வேண்டிய பத்திகள் இவை:

- சிபியு: 30 நாள் பயன்பாட்டின் 95-ஆவது சதமானம், அதாவது 95 விழுக்காடு நேரம் பயன்பாடு தாண்டாத அளவு. சராசரி ஏமாற்றும், உச்சம் பயமுறுத்தும்.
- ரேம்: விஎம்முக்கு உள்ளே இயங்குதளம் காட்டும் பயன்பாடு.
- டிஸ்க்: நிரம்பிய அளவு, நொடிக்கு எத்தனை ஐஓ (படிப்பதும் எழுதுவதும்), மாதம் எவ்வளவு வளர்கிறது.
- எத்தனை மணிநேரம் உண்மையில் தேவை: 24 மணியுமா, அலுவலக நேரம் மட்டுமா.
- எந்த விஎம்முடன் ஓயாமல் பேசுகிறது.
- நின்றுபோனால் எத்தனை மணிநேரம் தாங்கலாம், எத்தனை மணிநேர டேட்டா போனால் பரவாயில்லை. இதை ஐடி துறை எழுதக் கூடாது. அக்கவுண்ட்ஸும் உற்பத்தியும் எழுதிக் கையெழுத்திடட்டும்.

30 நாள் என்பதில் மாதக் கடைசி, சம்பளம் போடும் நாள், ஜிஎஸ்டி தாக்கலுக்கான 11, 20 தேதிகள் எல்லாம் அடங்க வேண்டும். 10 நாள் மட்டும் அளந்துவிட்டு அளவைக் குறைத்தால், ஈஆர்பி திணறுவது சரியாக 20-ஆம் தேதிதான் தெரியவரும். மார்ச் கணக்கு முடிப்பு இந்த அளவெடுப்பில் வராது என்பதால், அக்கவுண்ட்ஸ் சார்ந்த விஎம்களுக்கு 95-ஆவது சதமானத்துக்கு மேல் 30 விழுக்காடு கூட வைத்துக்கொள்ளுங்கள்.

ரேமில் ஒரு பொறி இருக்கிறது. ஹைப்பர்வைசர் 'ஆக்டிவ் மெமரி' என்று காட்டும் எண்ணை நம்பி டேட்டாபேஸ் விஎம்மைச் சுருக்காதீர்கள். டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வர் எடுத்துக்கொண்ட ரேமைக் கேஷாக (டிஸ்க்கில் உள்ளதன் கைவசப் பிரதியாக) வைத்திருக்கும். சமீபத்தில் தொடாத பக்கங்களை ஹைப்பர்வைசர் 'சும்மா கிடக்கிறது' என்று எண்ணிக்கொள்ளும். அதை வெட்டினால் சுமை முழுவதும் டிஸ்க்கின் தலையில் விழும். டேட்டாபேஸுக்கு, கேஷ் ஹிட் விகிதத்தையும் (கேட்டதில் எவ்வளவு கேஷிலேயே கிடைத்தது) டிஸ்க் ரீடையும் பார்த்துத்தான் முடிவு.

அளந்து முடித்தால் பெரும்பாலும் காண்பது இதுதான்: 8 விசிபியு (விஎம்முக்கு ஒதுக்கும் மெய்நிகர் சிபியு) கொடுத்த விஎம் 2-இல் ஓடுகிறது, மூன்று விஎம்கள் எதற்கு என்றே யாருக்கும் தெரியவில்லை. அந்த மூன்றின் நெட்வொர்க் கார்டை இரண்டு வாரம் துண்டித்துப் பாருங்கள். விஎம்மை நிறுத்த வேண்டாம். பழைய மெஷினை நிறுத்தினால் மறுபடி எழுமா என்பது வேறு கவலை. ஒருவரும் கேட்கவில்லை என்றால் பேக்கப் எடுத்துவிட்டு அழியுங்கள்.

கணக்குக்கு முன்பே முடிவாகிவிடும் விஷயங்கள்

சில விஎம்களுக்கு விலை ஒப்பீடே தேவையில்லை.

யூஎஸ்பி டாங்கிள் (லைசென்ஸுக்காகச் செருகும் சாவி) கேட்கும் மென்பொருள், தொழிற்சாலை மெஷினோடு உள்ளூர் நெட்வொர்க்கில் பேசும் சர்வர், லேபிள் பிரிண்டரையும் எடைமேடையையும் ஓட்டும் நிரல், பெரிய கேட் (கணினி வடிவமைப்பு) கோப்புகளைத் திறக்கும் ஃபைல் சர்வர், இவை எல்லாம் அறையிலேயே இருக்கட்டும். 2 ஜிபி டிசைன் கோப்பு 100 எம்பிபிஎஸ் இணைப்பில் திறக்கக் கிட்டத்தட்ட மூன்று நிமிடம் ஆகும். டிசைனர் ஒரு நாளைக்கு அதை எத்தனை தடவை திறப்பார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது தாமதம். சென்னையிலிருந்து மும்பைக்கு ஒரு பாக்கெட் போய்வர 20 முதல் 30 மில்லிசெகண்ட். கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் பழைய கிளையன்ட்-சர்வர் ஈஆர்பிகள் ஒரு திரையைத் திறக்க ஆயிரம் சின்னச் சின்ன க்வெரிகளை (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்விகளை) ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும். உள்ளூரில் அரை மில்லிசெகண்டில் முடிவது அங்கே தலா 25 மில்லிசெகண்ட்: அரை நொடித் திரை 25 நொடித் திரையாகிவிடும். இணைய வேகத்தைக் கூட்டினால் இது சரியாகாது, ஏனென்றால் குறை பேண்ட்விட்த்தில் இல்லை, தூரத்தில். டேட்டாபேஸை மட்டும் கிளவுடுக்கு அனுப்பி அப்ளிகேஷனை அலுவலகத்தில் வைப்பதுதான் இடப்பெயர்வுகளில் நடக்கும் மிக மோசமான பிழை. போனால் இரண்டும் சேர்ந்து போக வேண்டும், பயனர்கள் ரிமோட் டெஸ்க்டாப்பிலோ பிரவுசரிலோ வர வேண்டும். ரீஜன் (கிளவுடின் டேட்டா சென்டர்கள் இருக்கும் வட்டாரம்) தேர்விலும் இதைப் பாருங்கள்: அஸூருக்குச் சென்னையிலும் புனேயிலும் ரீஜன் உண்டு, ஏடபிள்யூஎஸ்ஸுக்கு மும்பையும் (2016) ஹைதராபாத்தும் (2022), கூகுளுக்கு மும்பையும் டெல்லியும். அருகில் இருப்பதாலேயே ஒரு ரீஜனைத் தேர்ந்துவிடாதீர்கள். உங்களுக்கு வேண்டிய சேவையும் மெஷின் வகையும் அங்கே இருக்கிறதா என்று பட்டியலில் சரிபாருங்கள்; எல்லா ரீஜனிலும் எல்லாம் கிடைக்காது.

சட்டம். கம்பெனி சட்ட விதிகளில் 2022-இல் வந்த திருத்தத்தின்படி, மின்னணுக் கணக்குப் புத்தகங்களின் பேக்கப் தினமும் எடுக்கப்பட்டு இந்தியாவில் இருக்கும் சர்வரில் வைக்கப்பட வேண்டும். இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவு, லாக்குகளை (சர்வர் தானே எழுதும் பதிவுகளை) 180 நாள் வைத்திருக்கவும், குறிப்பிட்ட வகை சைபர் சம்பவங்களை ஆறு மணிநேரத்துக்குள் தெரிவிக்கவும் சொல்கிறது. சொந்த அறையானாலும் கிளவுடானாலும் இந்தக் கடமைகள் உங்களுடையவை. சிங்கப்பூர் ரீஜன் விலை குறைவு என்று அங்கே போய்விட்டுப் பிறகு ஆடிட்டரிடம் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக லைசென்ஸ். விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்டு, ஒரு ஹோஸ்டின் (விஎம்களை ஓட்டும் நிஜ சர்வரின்) எல்லா கோர்களுக்கும் (குறைந்தது 16) வாங்கினால் இரண்டு விண்டோஸ் விஎம்களுக்கு உரிமை தரும். நான்கு வேண்டுமென்றால் அதே கோர்களுக்கு மறுபடி ஒருமுறை. கிளஸ்டரில் (சேர்ந்து இயங்கும் ஹோஸ்ட்களின் கூட்டத்தில்) ஒரு ஹோஸ்ட் படுத்தால் அதன் விஎம்கள் பக்கத்து ஹோஸ்டுக்குப் போகும் அல்லவா, அந்த ஹோஸ்டுக்கும் முழு எண்ணிக்கைக்கு லைசென்ஸ் இருந்தாக வேண்டும். ஒரு ஹோஸ்டில் ஏறக்குறைய 12 விண்டோஸ் விஎம்களைத் தாண்டினால் டேட்டாசென்டர் பதிப்பே மலிவு. கிளவுடில் இந்தக் கட்டணம் மணிக்கட்டணத்துக்குள் ஒளிந்திருக்கும், சிறிய மெஷின்களில் அது கண்ணைக் குத்தும். ஆரக்கிள் டேட்டாபேஸ் வைத்திருப்பவர்கள் முடிவெடுக்குமுன் லைசென்ஸ் தெரிந்த ஒருவருக்குக் காசு கொடுத்து ஆலோசனை கேளுங்கள். அந்தச் செலவு வீண்போகாது.

இனி கணக்கு

கீழே உள்ள விலைகள் கணக்கின் வடிவத்தைக் காட்டுவதற்காக வைத்துக்கொண்டவை. உங்கள் கொட்டேஷனையும் கிளவுட் கால்குலேட்டர் காட்டும் விலையையும் அவற்றின் இடத்தில் போடுங்கள். விண்டோஸ் லைசென்ஸை இரண்டு பக்கமும் விட்டிருக்கிறோம்.

24 விஎம். ஒதுக்கியது 96 விசிபியு, 384 ஜிபி ரேம், 10 டிபி டிஸ்க். அளந்து சுருக்கிய பிறகு 65 விசிபியு, 260 ஜிபி ரேம், 6 டிபி.

சொந்த அறை: மூன்று சர்வர், தலா 256 ஜிபி ரேம், ஒன்று 8 லட்சம் வீதம் 24 லட்சம். இரண்டு 10 ஜிபிபிஎஸ் ஸ்விட்ச் 2.5 லட்சம், இரண்டு ஆன்லைன் யூபிஎஸ்ஸும் பேட்டரியும் 3 லட்சம், ஏசி 1 லட்சம், பேக்கப் சர்வர் 4 லட்சம். மொத்தம் 34.5 லட்சம், 60 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 57,500 ரூபாய்.

மின்சாரம்: மூன்று சர்வர் தலா 300 வாட், பேக்கப் 200, ஸ்விட்ச் முதலியன 200, ஆக 1.3 கிலோவாட். யூபிஎஸ் இழப்பும் ஏசியும் சேர்த்து 1.7 ஆல் பெருக்கினால் 2.2 கிலோவாட். மாதத்துக்கு 730 மணி, சுமார் 1,610 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்றால் 16,100. ஹைப்பர்வைசர் ஆதரவுச் சந்தா 10,000, நான்காம் ஆண்டிலிருந்து வரும் ஏஎம்சியைப் பரப்பினால் 6,000, பேட்டரி மாற்ற 3,000, வெளியில் வைக்கும் பேக்கப் 8,000, அட்மினின் நேரத்தில் பாதி 30,000. கூட்டினால் மாதம் 1,30,600.

கிளவுட்: 2 விசிபியு, 8 ஜிபி கொண்ட மெஷின் மணிக்கு 10 சென்ட், டாலர் 88 ரூபாய் என்று வையுங்கள். 65 விசிபியுவுக்கு அப்படி 32.5 மெஷின், 730 மணிக்கு 2,08,800 ரூபாய். டிஸ்க் 6 டிபி, ஜிபிக்கு 9 சென்ட், 47,500. ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கின் அந்தக் கணத்துப் பதிவு) பேக்கப் 5 டிபி 22,000. வெளியே போகும் டேட்டா மாதம் 1 டிபி, சுமார் 8,700. விபிஎன் (இணையத்தின் மேல் ஓடும் பாதுகாப்பான தனி இணைப்பு), நாட் கேட்வே (உள் மெஷின்கள் இணையத்துக்குப் போகும் வாயில்) முதலியன 9,000. மொத்தம் 2,96,000. மூன்றாண்டு ஒப்பந்தம் போட்டு மெஷின் கட்டணம் பாதியானால் 1,91,600. அட்மின் இங்கேயும் வேண்டும், 20,000 சேருங்கள்.

ஆக, இரவும் பகலும் ஒரே சீராக ஓடும் 24 விஎம்களுக்குச் சொந்த அறையே மலிவு. இதே கணக்கை நான்கு விஎம்களுக்குப் போட்டால் தலைகீழாகும். நான்கு மெஷின் ஆன்-டிமாண்டில் (ஒப்பந்தமின்றி, மணிக்கணக்கில்) 25,700, டிஸ்க்கோடு 32,000-க்குள் முடிந்துவிடும். சொந்தமாக வைக்க, விஎம் நான்கே ஆனாலும் இரண்டு சர்வர், யூபிஎஸ், ஏசி, ஆள் எல்லாம் வேண்டும், 50,000-க்குக் குறையாது. எங்கள் மதிப்பில், 10 முதல் 15 விஎம் இருக்கும் இடத்தில்தான் தராசு இரண்டு பக்கமும் ஆடும்.

ஆனால் மொத்தமாக ஒரே விடை தேடுவது தவறு. பட்டியலில் 'எத்தனை மணிநேரம்' பத்தியைப் பாருங்கள். சோதனை மெஷின்களைத் தினம் 12 மணி, மாதம் 26 நாள் ஓட்டினால் 312 மணி. 730-இல் 43 விழுக்காடு. வருடத்தில் இரண்டு மாதம் மட்டும் கூட்டம் வரும் விற்பனைத் தளம் என்றால் இன்னும் குறைவு. இவை கிளவுடுக்குப் பொருத்தம். நிறுத்தி வைத்தாலும் டிஸ்க் கட்டணம் ஓடும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். மின்னஞ்சலைச் சொந்த சர்வரில் இன்னும் வைத்திருந்தால், விஎம்மாகத் தூக்காமல் மாதச் சந்தாச் சேவைக்கு மாற்றிவிடுங்கள். அதில் விவாதத்துக்கே இடமில்லை.

பெரிய நிறுவனங்களின் அனுபவமும் இதே பக்கம்தான் சாய்கிறது. கோப்புச் சேமிப்புச் சேவை நடத்தும் டிராப்பாக்ஸ் தன் சேமிப்பைப் பெருமளவு ஏடபிள்யூஎஸ்ஸிலிருந்து சொந்தக் கட்டமைப்புக்கு மாற்றி, இரண்டு ஆண்டுகளில் சுமார் 7.5 கோடி டாலர் மிச்சப்படுத்தியதாக பங்குச்சந்தையில் நுழைவதற்காக 2018-இல் கொடுத்த ஆவணத்தில் சொன்னது. அவர்களுடைய சுமை பெரியது, சீரானது, முன்கூட்டியே கணிக்கக்கூடியது. அந்த மூன்றும் இல்லாதவர் அந்த உதாரணத்தைக் காட்டக் கூடாது.

இடைவழியும் உண்டு. சர்வர் உங்களுடையது, இடமும் மின்சாரமும் குளிரும் அவர்களுடையது என்ற கோ-லொக்கேஷன். சென்னையில் அம்பத்தூர், சிறுசேரிப் பக்கம் இதற்கான டேட்டா சென்டர்கள் இருக்கின்றன. மின்வெட்டும் தண்ணீரும்தான் உங்கள் தலைவலி, ஆள் இருக்கிறார் என்றால், கிளவுடுக்குமுன் இதற்கு ஒரு கொட்டேஷன் வாங்குங்கள்.

சொந்த அறைதான் என்றால்

மூன்று ஹோஸ்ட் வாங்குங்கள், இரண்டு வேண்டாம். இரண்டு ஹோஸ்ட் கிளஸ்டரில் இடையே உள்ள நெட்வொர்க் அறுந்தால், 'அவன் செத்துவிட்டான்' என்று இருவருமே நினைத்து ஒரே விஎம்மை இரண்டு இடத்திலும் எழுப்பும் அபாயம் உண்டு. பெரும்பான்மை ஓட்டு இருந்தால்தான் இது தவிரும். இரண்டுதான் முடியும் என்றால், மூன்றாவது ஓட்டுக்கு ஒரு சின்ன மெஷினைச் சாட்சியாக வையுங்கள். ஒரு ஹோஸ்ட் படுத்தாலும் மீதமுள்ளவற்றில் எல்லா விஎம்மின் ரேமும் அடங்க வேண்டும். ரேமை ஒருபோதும் அதிகமாக ஒதுக்காதீர்கள். சிபியுவில் தாராளம் காட்டலாம்: பொது வேலைகளுக்கு ஒரு கோருக்கு நான்கு விசிபியு, டேட்டாபேஸ் ஓடும் ஹோஸ்டில் இரண்டுக்குள்.

விஎம்வேரை விட்டு வருபவர்கள் பெரும்பாலும் பார்ப்பது ப்ராக்ஸ்மாக்ஸ், ஹைப்பர்-வி, நுட்டானிக்ஸ். ப்ராக்ஸ்மாக்ஸில் 2024 முதல் இஎஸ்எக்ஸ்ஐயில் (விஎம்வேரின் ஹைப்பர்வைசர்) இருக்கும் விஎம்களை நேரடியாக உள்ளே இறக்கும் வசதி இருக்கிறது. அதில் தடுக்கி விழும் இடங்கள்: விண்டோஸ் விஎம்மில் விஎம்வேர் டூல்ஸை முன்பே நீக்குங்கள், பிறகு அது நீங்க மறுக்கும். விர்ட்ஐஓ (கேவிஎம்மின் மெய்நிகர் டிஸ்க், நெட்வொர்க் முறை) டிரைவரை விண்டோஸ் முழுதாக ஏற்றுக்கொள்வதற்கு முன் பூட் டிஸ்க்கை அதற்கு மாற்றினால் நீலத்திரைதான். முதலில் சாட்டா (வழக்கமான டிஸ்க் இணைப்பு முறை) வழியாக எழுப்பி, விர்ட்ஐஓவில் ஒரு சின்ன டிஸ்க்கைச் சேர்த்து டிரைவர் ஏறியதை உறுதிசெய்து, பிறகு மாற்றுங்கள். பழைய விஎம் யூஇஎஃப்ஐயில் (பூட் ஆகும் முறைகளில் ஒன்று) இருந்தால் புதியதும் அதிலேயே இருக்க வேண்டும். நெட்வொர்க் கார்டு புதிது என்பதால் நிலையான ஐபி காணாமல் போகும், எழுதி வைத்திருங்கள். ஸ்னாப்ஷாட் இருந்தால் இறக்குவது மிக மெதுவாகும், எல்லாவற்றையும் முன்பே ஒருங்கிணைத்துவிடுங்கள். வி-சான் (பல ஹோஸ்ட்களின் டிஸ்க்குகளை ஒன்றாக்கும் விஎம்வேர் சேமிப்பு) டிஸ்க்கில் உள்ளதை நேராக இறக்க முடியாது. முதலில் வேறு டேட்டாஸ்டோருக்கு (விஎம் டிஸ்க்குகள் இருக்கும் சேமிப்பிடம்) நகர்த்த வேண்டும்.

கிளஸ்டர் ஹோஸ்ட்கள் தமக்குள் நலம் விசாரிக்கும் போக்குவரத்துக்குத் தனி நெட்வொர்க் கொடுங்கள். பேக்கப் ஓடும் அதே கம்பியில் அதுவும் ஓடினால், இரவு பேக்கப் நேரத்தில் பாக்கெட்டுகள் தாமதமாகும். ஹை அவைலபிலிட்டி (ஒரு ஹோஸ்ட் விழுந்தால் அதன் விஎம்களை வேறு ஹோஸ்டில் எழுப்பும் வசதி) இயங்கும் ஹோஸ்ட், தான் தனித்துவிட்டதாக நினைத்துத் தானே ரீபூட் ஆகும். 'வாரத்தில் ஒருநாள் அதிகாலை சர்வர் தானாக விழுந்து எழுகிறது' என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. எஸ்எஸ்டியில் கஞ்சம் வேண்டாம். மின்தடைப் பாதுகாப்பு இல்லாத சாதாரண எஸ்எஸ்டி, செஃப், இசட்எஃப்எஸ் என்ற சேமிப்பு மென்பொருள்களில் சில மாதத்தில் மூச்சுவாங்கும், ஏனென்றால் ஒவ்வொரு எழுத்தும் உண்மையில் பதிந்ததா என்று அவை காத்திருந்து கேட்கும்.

அறை. 1 வாட் மின்சாரம் மணிக்கு 3.4 பிடியு (வெப்பத்தின் அலகு) வெப்பம், 1.3 கிலோவாட்டுக்கு 4,400 பிடியு. ஒரு டன் ஏசி 12,000 பிடியு எடுக்கும் என்பதால் ஒன்று போதும். ஆனால் இரண்டு வைத்து 12 மணிக்கு ஒருமுறை மாற்றி ஓட்டுங்கள், வீட்டு ஸ்பிலிட் ஏசி நாளெல்லாம் ஓடுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. சர்வரின் இரண்டு பவர் சப்ளையும் வேறு வேறு யூபிஎஸ்ஸில் இருக்கட்டும். இரண்டையும் ஒரே யூபிஎஸ்ஸில் செருகியிருப்பதைப் பல அறைகளில் பார்க்கலாம். யூபிஎஸ்ஸில் இரண்டு மணிநேர பேட்டரி வாங்கிவிட்டு ஏசியை ஜெனரேட்டரில் சேர்க்காவிட்டால், பேட்டரி தீருமுன் அறை கொதித்துவிடும். அரை மணிநேர பேட்டரி, தானாக எழும் ஜெனரேட்டர், பேட்டரி குறைந்தால் விஎம்களை ஒழுங்காக நிறுத்தும் மென்பொருள், இந்த மூன்றும் போதும். சென்னையில் தரைத்தளம் எவ்வளவு வேகமாக மூழ்கும் என்பதை 2015 டிசம்பரும் 2023 டிசம்பரின் மிக்ஜாமும் காட்டிவிட்டன. சர்வர் இரண்டாம் மாடியில் இருந்து, பேட்டரியும் ஜெனரேட்டர் பேனலும் கீழே இருந்தால் மாடியால் பயனில்லை.

பேட்ச் போடுவது இனி உங்கள் வேலை. 2023 பிப்ரவரியில் இஎஸ்எக்ஸ்ஐ-ஆர்க்ஸ் என்ற ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல்) உலகெங்கும் ஆயிரக்கணக்கான ஹோஸ்ட்களைப் பூட்டியது. அது நுழைந்ததாகக் கருதப்படும் ஓட்டைக்கு விஎம்வேர் 2021 பிப்ரவரியிலேயே பேட்ச் கொடுத்திருந்தது. ஹைப்பர்வைசரின் நிர்வாகப் பக்கம் இணையத்துக்குத் திறந்திருக்கவே கூடாது. தனி விலேனில் (பிரித்து வைத்த உள் நெட்வொர்க்கில்), விபிஎன்னுக்குப் பின்னால்.

கிளவுட்தான் என்றால்

முதல் நாள் வேலை: ரூட் கணக்குக்கு (எல்லா அதிகாரமும் உள்ள தலைமைக் கணக்கு) இரட்டைச் சரிபார்ப்பு, பட்ஜெட் எச்சரிக்கை, ஒவ்வொரு வளத்துக்கும் துறைப்பெயர் டேக். பட்ஜெட் எச்சரிக்கை மெயில் அனுப்புமே தவிர, தானாக எதையும் நிறுத்தாது. ரிமோட் டெஸ்க்டாப் போர்ட் 3389-ஐ உலகத்துக்கே திறந்து வைப்பது ரான்சம்வேருக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது.

ஏடபிள்யூஎஸ்ஸின் மலிவான 'டி' வகை மெஷின்களில் கவனம். டி3 மீடியத்தின் அடிப்படை அளவு ஒரு விசிபியுவுக்கு 20 விழுக்காடுதான். அதற்குமேல் சேர்த்து வைத்த கிரெடிட்டில் ஓடும். டி3 இயல்பாகவே 'அன்லிமிடெட்' முறையில் இருப்பதால், கிரெடிட் தீர்ந்தாலும் வேகம் குறையாது, பில் கூடும். ஓயாமல் ஓடும் ஈஆர்பிக்கு அது தோதல்ல.

டிஸ்க் வேகம்தான் அதிகம் ஏமாற்றும். ஏடபிள்யூஎஸ்ஸின் ஜிபி3 டிஸ்க் இயல்பாக 3,000 ஐஓபிஎஸ் (நொடிக்கு இத்தனை ஐஓ), நொடிக்கு 125 எம்பி தரும். உங்கள் அறையில் உள்ள என்விஎம்இ எஸ்எஸ்டி அதைப்போல் பல மடங்கு. 'கிளவுடுக்குப் போனதும் ரிப்போர்ட் மெதுவாகிவிட்டது' என்றால் சிபியுவைக் கூட்டுவதற்கு முன் டிஸ்க் வரிசை நீளத்தைப் பாருங்கள். ஐஓபிஎஸ்ஸைத் தனியாகக் காசு கொடுத்துக் கூட்டலாம். மெஷினுக்கும் ஒரு டிஸ்க் உச்சவரம்பு உண்டு, சின்ன மெஷினில் டிஸ்க்கை மட்டும் கூட்டிப் பயனில்லை.

ஏடபிள்யூஎஸ் பில்லில் எதிர்பாராமல் வருபவை: பொது ஐபிவி4 முகவரிக்கு மணிக்கு அரை சென்ட் (2024 பிப்ரவரி முதல்), நாட் கேட்வே வழியாகப் போகும் ஒவ்வொரு ஜிபிக்கும் கட்டணம் (எஸ்3 என்ற கோப்புச் சேமிப்புக்குப் போகும் பேக்கப்பை இலவச கேட்வே எண்ட்பாயிண்ட் வழியாகத் திருப்பினால் அது மிச்சம்), விஎம்மை அழித்த பிறகும் தங்கிவிடும் டிஸ்க்குகள், ஸ்னாப்ஷாட்டுகள், டாலர் ஏறினால் ஏறும் பில். மூன்றாண்டு ஒப்பந்தத்தை முதல் மாதமே போடாதீர்கள். மூன்று மாதம் ஆன்-டிமாண்டில் ஓட்டி அளவைச் சரிசெய்து, நிச்சயமாகக் குறையாத பகுதிக்கு மட்டும் போடுங்கள்.

இணைய இணைப்பு இரண்டு வேண்டும், வேறு வேறு நிறுவனத்திடம். இரண்டு ஃபைபரும் ஒரே மின்கம்பத்தில் தொங்கி வருகிறதா என்று வெளியே போய் அண்ணாந்து பாருங்கள். அப்படியானால் லாரி ஒன்று இடித்தால் இரண்டும் போகும். ஒன்றை வயர்லெஸ்ஸாக மாற்றுங்கள்.

பேக்கப்: இரு வழிக்கும் பொது

2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்கில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் தீப்பற்றியபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியம் கூகுள் கிளவுடில் வைத்திருந்த தனிக் கிளவுட் ஒரு அமைப்புப் பிழையால் அழிந்தது. மீட்சிக்குக் கைகொடுத்தவற்றில் வேறொரு நிறுவனத்திடம் அவர்கள் வைத்திருந்த பேக்கப்பும் ஒன்று. 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் டேஜோன் அரசு டேட்டா சென்டர் தீயில் 858 டிபி அரசு ஊழியர் கோப்புகள் போயின. அந்தச் சேமிப்புக்கு வெளியே பேக்கப்பே இல்லை.

எனவே ஒரு பிரதி வேறு ஊரில், வேறு கணக்கில், வேறு பாஸ்வேர்டில், குறிப்பிட்ட நாள்வரை யாராலும் அழிக்க முடியாத பூட்டோடு இருக்க வேண்டும். பேக்கப் சர்வரை டொமைனில் சேர்க்காதீர்கள். டொமைன் அட்மின் கைப்பற்றப்பட்டால் பேக்கப்பும் போய்விடும். ஹைப்பர்வைசரில் எடுக்கும் ஸ்னாப்ஷாட், பேக்கப் ஆகாது. விஎம்வேரே ஒரு ஸ்னாப்ஷாட்டை 72 மணிநேரத்துக்கு மேல் வைக்கவேண்டாம் என்கிறது. வளர்ந்துகொண்டே போய் டேட்டாஸ்டோரை நிரப்பி எல்லா விஎம்மையும் நிறுத்தும். மாதம் ஒரு விஎம்மை மீட்டு எழுப்பி, அக்கவுண்ட்ஸ் ஆள் ஒருவரை லாகின் செய்யச் சொல்லிப் பாருங்கள்.

கிளவுட் எஸ்எல்ஏவை (எவ்வளவு நேரம் நிற்காமல் ஓடும் என்ற ஒப்பந்த உறுதியை) நம்பி இதைத் தள்ளிப்போடாதீர்கள். 99.9 விழுக்காடு என்றால் ஆண்டுக்கு 8 மணி 45 நிமிடம் நின்றாலும் ஒப்பந்தம் மீறப்படவில்லை என்று பொருள். மீறினாலும் கிடைப்பது அடுத்த பில்லில் தள்ளுபடிதான்.

மாற்றும் வரிசை

சோதனை மெஷின்கள், பிறகு இணையதளம், பிறகு தனித்து நிற்கும் சின்ன அப்ளிகேஷன்கள், கடைசியாக ஈஆர்பி. டொமைன் கன்ட்ரோலரை விஎம்மாக நகர்த்தாதீர்கள். புதிய இடத்தில் இன்னொன்றை எழுப்பி, இரண்டும் ஒத்திசைந்த பிறகு பழையதை முறையாக விலக்குங்கள்.

டேட்டா நகரும் நேரத்தை முன்பே கணக்கிடுங்கள். 2 டிபி, 100 எம்பிபிஎஸ் இணைப்பில் முழு வேகத்தில் 44 மணி; நடைமுறையில் 70 விழுக்காடு கிடைத்தால் 63 மணி. வெள்ளி இரவு தொடங்கினால் திங்கள் காலை 9 மணிக்கு முடியாது. ஆகவே முழுப் பிரதியை இரண்டு வாரம் முன்பே அனுப்பி, மாறியதை மட்டும் தொடர்ந்து அனுப்பும் கருவியைப் பயன்படுத்துங்கள். மாற்றும் நாளுக்கு 48 மணி முன்பே டிஎன்எஸ்ஸின் (பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை) டிடிஎல்லை (பழைய முகவரியை நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 நொடிக்குக் குறையுங்கள். தேதி 12-க்கும் 18-க்கும் இடையில் ஒரு சனி இரவாக இருக்கட்டும். 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் மாதக் கடைசியும் தப்பும்.

பின்வாங்கும் நேரத்தை முன்கூட்டியே எழுதுங்கள்: ஞாயிறு மாலை 4 மணிக்குள் ஈஆர்பியில் ஒரு இன்வாய்ஸ் போட்டு, அச்சிட்டு, ரத்துசெய்து காட்ட முடியவில்லை என்றால் பழைய இடத்துக்கே திரும்புவது. திங்கள் காலை பயனர்கள் புதிய இடத்தில் எழுதத் தொடங்கிவிட்டால், பழையதற்குத் திரும்புவது என்பது அந்த இடைப்பட்ட பதிவுகளைக் கையால் மறுபடி அடிப்பது. பழைய விஎம்களை நெட்வொர்க் துண்டித்த நிலையில் ஒரு முழு மாதக் கணக்கு முடியும்வரை வைத்திருங்கள். அதற்குப் பிறகு டிஸ்க்குகளை முறையாக அழித்து, சான்றிதழ் வாங்கிக்கொண்டு, பதிவுபெற்ற மின்கழிவு நிறுவனத்திடம் கொடுங்கள். யூபிஎஸ் பேட்டரியைப் புதியது வாங்கும் டீலரிடமே திருப்பிக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்.